தெருவுக்குள் ஒரு விகாரை



சட்டமும் சமயமும் உரசிக்கொள்ளும் ஓர் இடத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். அமெரிக்க ஊர்களில் சாயங்கால வேளையில் கூடும் திட்ட ஆணையக் கூட்டத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அகதிகளாகவும் குடியேறிகளாகவும் வந்த ஒரு பௌத்த சமூகம், வீடுகள் நிறைந்த தெருவில் மனை வாங்குகிறது. அங்கே விகாரை அமைக்க அனுமதி கேட்கிறது. அக்கம்பக்கத்தார் எழுந்து ஆட்சேபம் சொல்கிறார்கள். ஆணையம் வாக்களிக்கிறது. அந்தச் சமூகத்தின் வழிபாட்டு உரிமை பெரும்பாலும் அந்த அறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நீதிமன்றம் வரை போகப் பணமும் பொறுமையும் உள்ளவர்கள் சிலர்தான்.

வழக்குகளுக்குள் போகும் முன் மண்டல விதிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே வீடு, அங்கே கடை, அதற்கப்பால் ஆலை என்று நிலத்தை வகுக்கும் முறை அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. நியூயார்க் நகரம் முழுமைக்குமான மண்டல விதிகள் 1916இல் வந்தன. ஒஹாயோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர் இயற்றிய விதிகளை ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம் எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் 1926இல் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. தனிவீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பைக்கூட ஓர் ஒட்டுண்ணியாகத்தான் அந்தத் தீர்ப்பு பார்த்தது. தனிவீட்டுத் தெரு என்பது பாதுகாக்கப்பட வேண்டிய ஒன்று, மற்றதெல்லாம் அதற்குள் நுழையப் பார்ப்பது என்ற மனப்போக்கு அன்றே சட்டத்தில் ஊறிவிட்டது.

தேவாலயம் இந்த வகுப்பு முறையில் ஓர் இடைப்பட்ட இடத்தைப் பெற்றது. குடியிருப்பு மண்டலத்தில் அதற்கு நேரடி அனுமதி இல்லை, தடையும் இல்லை. சிறப்பு அனுமதி வாங்கினால் கட்டலாம் என்று பல ஊர்கள் எழுதிவைத்தன. சிறப்பு அனுமதிக்கு ஆணையம் பார்க்கும் விஷயங்கள் இரண்டு தரப்பட்டவை. போக்குவரத்து, குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு வண்டி நுழையும் வழி ஆகியவற்றை அளந்து சொல்லிவிடலாம். ‘அந்தப் பகுதியின் இயல்போடு ஒத்துப்போக வேண்டும்’ என்ற நிபந்தனையை அளக்க எந்தக் கருவியும் கிடையாது. இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த இரண்டாவது நிபந்தனையைச் சுற்றித்தான். தெருவுக்குப் புதியவர்களான ஒரு சமயத்தாரை அந்த ஒரு வரியைக் காட்டியே வெளியே நிறுத்த முடியும். அப்படி நிறுத்துகிறவர்களுக்கே தாங்கள் என்ன செய்கிறோம் என்று புரியாமலும் போகலாம்.

பௌத்தர்கள் ஏன் வீட்டுத் தெருவுக்கே வருகிறார்கள், கடைத்தெருவில் இடம் பார்க்கக் கூடாதா என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் எழுகிறது. அது நியாயமான கேள்விதான், பதில் சொல்லியாக வேண்டும். 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது. 1975க்குப் பின் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து அகதிகள் வந்தார்கள். கையில் பெரிய நிதி இல்லாத சமூகம் முதலில் வாங்கக்கூடியது ஒரு பழைய வீடு. கூடத்தில் புத்தர் சிலை, மாடியில் பிக்குவின் அறை, பின்கட்டில் சமையல் என்று தொடங்குவார்கள். தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவுக்கு அமெரிக்காவில் அமைந்த முதல் விகாரையான வாஷிங்டன் பௌத்த விகாரையும் 16ஆவது தெருவில் ஒரு வீட்டில்தான் நிலைகொண்டது.

ஏழ்மை பாதிக் காரணம். மீதிக் காரணம் பிக்கு சங்கத்தின் ஒழுக்க விதிகளில் இருக்கிறது. தேரவாத பிக்கு நண்பகலுக்குப் பின் உண்ணக் கூடாது. இன்று பெற்ற உணவை நாளைக்கு எடுத்துவைக்கக் கூடாது. யாராவது கையால் கொடுத்தால்தான் அது அவருக்கு உணவு. ஆகவே தினமும் முற்பகலில் ஓர் இல்லறத்தாராவது சோறும் கறியும் எடுத்துக்கொண்டு விகாரைக்கு வந்தாக வேண்டும். பூட்டிக் கிடந்துவிட்டு வாரம் ஒருமுறை மட்டும் திறக்கும் கட்டடமாக விகாரை இருக்க முடியாது. பிக்கு அங்கேயே வசிக்கிறார். ஊரார் அவரைப் போஷிக்கிறார்கள். அவர் அறம் உரைக்கிறார். குடியிருப்பும் வழிபாடும் பிரிக்க முடியாமல் பின்னியிருக்கும் இந்த வாழ்க்கையைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைக்கத்தான் மண்டல விதி படிவம் நீட்டுகிறது.

பெட்டிகளின் பொருத்தமின்மைக்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். கார் நிறுத்துமிடம் எத்தனை வேண்டும் என்பதைப் பல ஊர்களில் இருக்கைகளை எண்ணிக் கணக்கிடுகிறார்கள்; இத்தனை இருக்கைக்கு ஒரு கார் என்று. விகாரையில் எல்லாரும் தரையில் அமர்கிறார்கள். அப்போது தரையின் பரப்பளவைக் கொண்டு கணக்கிட வேண்டியிருக்கிறது. மண்டபத்தின் பாதியை வெறும் தியானவெளியாக விட்டிருக்கும் சமூகத்துக்கு அது தேவைக்கு மீறிய எண்ணிக்கையைத் தந்துவிடும். இன்னொன்று, ‘குடும்பம்’ என்பதன் வரையறை. நியூயார்க் மாநிலத்தில் பெல் டெர் என்ற சிற்றூர், இரத்த உறவோ திருமண உறவோ இல்லாத இருவருக்கு மேல் ஒரு வீட்டில் வசிக்கக் கூடாது என்று விதித்தது. வாடகைக்கு இருந்த கல்லூரி மாணவர்களை முன்னிட்டு வழக்கு எழுந்தது. உச்ச நீதிமன்றம் 1974இல் அந்த விதி செல்லும் என்றது. துறவிகள் யாவரும் சட்டத்தின் கண்ணில் உறவற்றவர்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சங்கம் தன் ஒழுக்க விதித்தொகுப்பான பாதிமோக்கத்தை முறைப்படி ஓதக் குறைந்தது நான்கு பிக்குகள் கூட வேண்டும். இத்தகைய வரையறை உள்ள ஊரில் ஒரு சங்கம் ஒரே கூரையின்கீழ் வாழ்வதே விதிமீறல் ஆகிவிடும்.

1990களில் இந்தச் சிக்கல் நாடாளுமன்றம் வரை போனது. டெக்சாஸில் பர்னி என்ற ஊரில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இடம் போதாமல் கட்டடத்தைப் பெரிதாக்க அனுமதி கேட்டது. பாரம்பரியப் பகுதி என்று காரணம் காட்டி ஊர் மறுத்தது. அந்த வழக்கில்தான், 1993இல் இயற்றப்பட்ட சமய சுதந்திர மீட்புச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொன்னது. ஒரு கட்டட அனுமதி வழக்கு ஒரு தேசியச் சட்டத்தின் வீச்சையே குறைத்தது. மூன்றாண்டுக்குப் பின், 2000 செப்டம்பரில், நிலப் பயன்பாட்டையும் சிறைக்கைதிகளின் வழிபாட்டையும் மட்டும் குறிவைத்து ஒரு புதிய சட்டம் வந்தது. இரு அவைகளிலும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. சமய நடைமுறையின்மீது கணிசமான சுமையை ஏற்றும் முடிவை ஓர் ஊர் எடுத்தால், அதற்குத் தவிர்க்க முடியாத பொதுநலன் இருக்க வேண்டும். அந்த நலனைக் காக்க ஆகக் குறைந்த கட்டுப்பாட்டையே கையாள வேண்டும் என்பது அதன் மையம். ‘கணிசமான சுமை’ என்றால் எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. அதை நீதிமன்றங்களிடம் விட்டுவிட்டது. அந்த இடைவெளியில் சமூகங்கள் பல ஆண்டுகளை இழந்திருக்கின்றன.

கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் வழக்கை நான் முதலில் வைக்கிறேன். அது எனக்குச் சாதகமான வழக்கு இல்லை; அதனாலேயே முதலில் வைக்க வேண்டும். கம்போடிய பௌத்தச் சங்கம் 1999இல் அங்கே பத்து ஏக்கர் நிலம் வாங்கியது. வேளாண்மையும் வீடுகளும் கலந்த மண்டலம். கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள் தங்கள் மொழியையும் அறத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். திட்ட ஆணையம் மறுத்தது. பகுதியின் இயல்பு, போக்குவரத்து, குடிநீர், கழிவுநீர் எல்லாம் பேசப்பட்டன. வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2008இல் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. பொதுச் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் காக்க எல்லாருக்கும் பொதுவாக உள்ள நடுநிலையான நில விதிகளுக்கு, கணிசமான சுமை என்ற வாதம் பொருந்தாது என்றது நீதிமன்றம்.

கிணறும் செப்டிக் டேங்கும் கொண்டு வாழும் கிராமப்புற ஊர் அது. திருவிழா நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடினால் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்வியை வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பதும் அதே நிலத்தடி நீரைத்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழிவுநீர்ப் பிரச்சினைக்குப் பொறியியல் தீர்வு இருக்கிறது. கழிவுநீரை உறிஞ்சப் பெரிய நிலப்பரப்பு அமைக்கச் சொல்லலாம், கூடுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம், பெருவிழாக்களை வாடகை மண்டபத்தில் நடத்தச் சொல்லலாம். இயல்புக்குப் பொருந்தவில்லை என்ற ஆட்சேபத்துக்கு எந்தப் பொறியாளரிடமும் தீர்வு கிடையாது. இரண்டையும் ஒரே மறுப்பு ஆணையில் சேர்த்து எழுதும்போது, சரிசெய்யக்கூடிய குறை, சரிசெய்ய முடியாத குறைக்குத் துணைபோகிறது. நியூடவுன் தீர்ப்பில் என் மனக்குறை இதுதான்.

அலபாமாவின் மொபீல் நகரத்து வழக்கு வேறு திசையில் போனது. தாய்லாந்து மரபில் தியானம் கற்பிக்கும் ஒரு சங்கம் கடைகள் நிறைந்த வணிக வளாகம் ஒன்றில் இயங்கிவந்தது. இரைச்சல் தியானத்தைக் குலைத்தது. இரவு தங்கிப் பயிலும் முகாம்களுக்கு அங்கே வழியில்லை. கடைத்தெருவில் இடம் பார்க்கக் கூடாதா என்ற கேள்விக்கு அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். 2015இல் குடியிருப்பு மண்டலத்தில், ஆற்றோரமாக, ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தை வாங்கினார்கள். தியான மண்டபம், வரும் பிக்குகள் தங்க ஒரு சிறு வீடு, கார் நிறுத்தும் இடம் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டார்கள். அக்கம்பக்கத்தின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இது சமயமே இல்லை என்றுகூட வாதிடப்பட்டது. தியானத்தை உடற்பயிற்சி வகுப்போடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அந்த வாதத்துக்குத் தோள் கொடுத்தது. ஆண்டு முடியுமுன் திட்ட ஆணையம் மறுத்தது. அடுத்த ஆண்டு நகர மன்றமும் மறுத்தது. சங்கம் வழக்குத் தொடுத்தது.

கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் சொன்னது முக்கியமானது. ஒரு சமூகம் தன் வழிபாட்டை அடியோடு கைவிடும்படி ஆனால்தான் சுமை என்று கீழ் நீதிமன்றம் அளந்தது தவறு என்றது அது. தன் நடைமுறையை மாற்றிக்கொள்ளும்படி நெருக்கினாலே போதும். புதிய இடம் உண்மையிலேயே தேவையா, மறுப்பினால் வேறு வழிகள் எந்த அளவுக்கு அடைபடுகின்றன, ஊர் தன்னிச்சையாக நடந்துகொண்டதா, இந்தச் சுமை சமூகம் தானே தேடிக்கொண்டதா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியது. அலபாமாவின் அரசியலமைப்பில் சமய சுதந்திரத் திருத்தம் ஒன்று உண்டு. அதில் ‘கணிசமான’ என்ற சொல்லே கிடையாது. சுமை இருந்தாலே அரசு தன் முடிவை நியாயப்படுத்தியாக வேண்டும். 2023இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் திருத்தத்தின்படி நகரம் தன் மறுப்பை நியாயப்படுத்தவில்லை என்று முடிவு செய்தது. விண்ணப்பம் போட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த எட்டு ஆண்டுகளைக் கொஞ்சம் யோசியுங்கள். அனுமதிக்கான காத்திருப்பே ஒரு தண்டனையாக மாறிவிடுகிறது. கலிஃபோர்னியாவில் ஹசியெண்டா ஹைட்ஸ் மலைச்சரிவில் நிற்கும் ஷி லாய் கோயில் பதினைந்து ஏக்கரில் கட்டப்பட்டது. தைவானின் ஃபோ குவாங் ஷான் அமைப்பின் பலம் அதற்குப் பின்னால் இருந்தது. அவர்கள்கூட ஆறு பொது விசாரணைகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட விளக்கக் கூட்டங்களையும் தாண்டித்தான் அனுமதி பெற்றார்கள். 1986இல் கட்டத் தொடங்கி 1988இல் திறந்தார்கள். நூறு கூட்டங்களுக்கு ஆளனுப்பவும், வழக்கறிஞரையும் போக்குவரத்துப் பொறியாளரையும் அமர்த்தவும் அந்த அமைப்பால் முடிந்தது. மீன் பதனிடும் ஆலையிலும் நகப்பூச்சுக் கடையிலும் உழைத்துச் சேர்த்த காசில் வீடு வாங்கிய ஒரு கம்போடிய அல்லது லாவோ சமூகத்தால் அது முடியுமா? விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். விதியைக் கடக்கும் செலவு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை.

அதே கலிஃபோர்னியாவில், பெர்க்லியின் ரஸ்ஸல் தெருவில் உள்ள தாய்லாந்துக் கோயிலின் கதை என்னை மிகவும் தொட்டது. அங்கே ஞாயிறுதோறும் கோயில் முற்றத்தில் உணவு பரிமாறுவார்கள். வருகிறவர்கள் பணம் கொடுத்து வில்லைகள் வாங்கிக்கொண்டு, அதைக் கொடுத்து உணவு பெறுவார்கள். சமைப்பவர்கள் எல்லாரும் ஊதியம் இல்லாத தொண்டர்கள். ஊர் முழுக்கப் பெயர் பெற்றுவிட்டது அந்தச் சாப்பாடு. 2008இல் கோயில் ஒரு புத்தர் மண்டபம் கட்ட அனுமதி கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமைச் சமையலே பிரச்சினையானது. பழைய அனுமதிப்படி ஆண்டில் ஒருசில நாள் மட்டுமே நடத்த வேண்டியதை வாராவாரம் நடத்துகிறார்கள் என்றார்கள். விடியுமுன் தொடங்கும் சமையலின் சத்தம், எண்ணெய் மணம், தெரு நிறைய கார்கள் என்று நீண்டது புகார்.

குடியிருப்பு மண்டலத்தில் உணவகமா என்று கேட்டது ஒரு தரப்பு. இது புண்ணியச் செயல், தானம் என்றது கோயில். உணவளிக்கும் தொண்டைக் கோயிலின் உப தொழிலாக எண்ணிப் பழகாத நமக்கு இந்த இரண்டாவது பதில் உடனே விளங்கும். மணிமேகலையின் கையில் அமுதசுரபியைக் கொடுத்த காப்பியம் நம் மொழியில் இருக்கிறது. பௌத்த அறத்தின் தொடக்கமாகப் பசிப்பிணி தீர்ப்பதை வைத்த நூல் அது. ஆனால் விடியற்காலையில் தூக்கம் கலைந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் காப்பியம் பதிலாகாது. அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்கும் மதிப்பு உண்டு. பெர்க்லி இதைக் கையாண்ட விதம் எனக்குச் சரியாகப் படுகிறது. மண்டல முறையீட்டுக் குழு சமையல் நேரத்தையும் பரிமாறும் நேரத்தையும் குறைத்து, ஞாயிற்றுக்கிழமை உணவு தொடர அனுமதித்தது. புத்தர் மண்டபத்துக்கும் அடுத்த ஆண்டு நகர மன்றம் இசைந்தது. இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. கோயிலும் தெருவும் அதே இடத்தில் நிலைத்தன.

கனடாவின் ரிச்மண்ட் நகரம் வேறொரு வழியைக் கண்டது. ஐந்தாம் எண் சாலை ஓரமாக, வேளாண் நிலத்தின் முகப்புப் பகுதியில் வழிபாட்டிடங்கள் கட்டலாம், பின்பகுதியில் பயிர் செய்ய வேண்டும் என்று விதித்தது. இன்று பௌத்த விகாரையும் மசூதியும் குருத்வாராவும் இந்துக் கோயிலும் தேவாலயமும் வரிசையாக நிற்கும் அந்தச் சாலையை ‘சொர்க்கத்துக்கு நெடுஞ்சாலை’ என்று அழைக்கிறார்கள். பார்க்க அழகானது. ஆனாலும் எல்லா ஊரும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கார் ஓட்டத் தெரியாத பாட்டிகள் நடந்துபோய் வர முடிகிற இடத்தில் விகாரை இருக்க வேண்டும். வழிபாட்டை ஊரின் விளிம்புக்கு அனுப்புவது பூசலைத் தவிர்க்கும், அக்கம்பக்கத்தாரோடு பழக்கத்தை வளர்க்காது.

அயலாரின் விகாரை ஓர் ஊருக்குள் எழுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. கடல்கடந்த ஸ்ரீவிஜயத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு, ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கான கொடையாகக் கொடுத்தான். தஞ்சையில் பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. இன்று லெய்டன் செப்பேடுகள் என்று நாம் அழைக்கும் ஏடுகளில், பெண்யானையை நடத்தி எல்லை வகுத்ததும் நான்கு எல்லைகளும் நுணுக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. அது கட்டட அனுமதி இல்லை, வருவாய்க் கொடை என்பதை வரலாற்று மாணவர்கள் நினைவூட்டுவார்கள். கடல் வணிகத்தின் ஆதாயமும் அதில் கலந்திருந்தது. அந்த விகாரத்தில் எஞ்சியிருந்த செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அதற்கும் ஓர் அனுமதி இருந்தது: சென்னை மாகாண அரசு முறைப்படி கொடுத்த அனுமதி. அனுமதி என்பது எந்தப் பக்கமும் வேலை செய்யும். கொடுப்பவர் என்ன காரணத்தை எழுதிவைக்கிறார் என்பதைத்தான் பிற்காலம் படித்துப் பார்க்கிறது.

ஆகவே ஆணையங்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். மறுப்பதாயிருந்தால் அளக்கக்கூடிய காரணத்தை மட்டும் எழுதுங்கள். அந்தக் குறை எவ்வளவு சரியானால் அனுமதி கிடைக்கும் என்பதையும் அதே ஆணையில் எழுதுங்கள். அப்படி எழுத முடியாத காரணம் உங்கள் கையில் இருந்தால் அதை வைத்து மறுக்காதீர்கள். ஒலிபெருக்கி கூடாது என்று விதிக்கலாம். வெசாக், கதின விழா, புத்தாண்டு போன்ற நாட்களுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் வரச் சொல்லலாம். முதல் இரண்டு ஆண்டு அனுமதி கொடுத்து, பார்த்துவிட்டுப் புதுப்பிக்கலாம். இவையெல்லாம் நடைமுறையில் உள்ள வழிகள்தான்.

சமூகங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நிலத்தை வாங்கிவிட்டுப் பிறகு விதியைப் படிப்பது ஆபத்து. தானே தேடிக்கொண்ட சுமை என்று நீதிமன்றம் சொல்லிவிடக்கூடும். அனுமதி கிடைத்தால் மட்டுமே கிரயம் என்று ஒப்பந்தம் போடுங்கள். செப்டிக் டேங்க் போடுவதாயிருந்தால் மண்ணின் நீருறிஞ்சும் திறனை முதலிலேயே சோதியுங்கள். விழாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பின்னால் அது நம்பிக்கையைக் கெடுக்கும். விசாரணையில் பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று வற்புறுத்துங்கள், ஏனென்றால் மேல்முறையீட்டில் நீதிபதி படிக்கப்போவது அதைத்தான். விண்ணப்பம் போடும் முன் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கதவையும் தட்டி, வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். நோட்டீஸ் தபாலில் வந்துதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

நேரம் கடந்துவிட்டது. நகரமைப்பு படிக்கும் மாணவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். என்னோடு உடன்படாதவர்கள் இருப்பீர்கள். உங்கள் கேள்விகளை இப்போது கேளுங்கள்.